மாமனார் கடன் வாங்கிய ஈக்கள்

என் மாமனார் மாம்பழம் தின்னாமல் இருந்த அந்த ஒரு வருஷம் எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. வேறு ஊரில் இருந்தால்கூடப் பரவாயில்லை. கேரளத்துப் பாலக்காட்டுப் பக்கம், முதலமடையில் எங்கள் வீட்டு ஜன்னலை எந்தப் பக்கம் திறந்தாலும் மாமரம்தான். கிணற்றடியில் மாமரம், மோட்டார் ரூமுக்குப் பின்னால் மாமரம், துணி காயப்போடும் கொடிக் கயிறு கட்டியிருப்பதும் மாமரத்தில்தான். நான் குமுளிக்காரி, ஏலக்காய் வாசனையில் வளர்ந்தவள். காதலித்த பாவத்துக்கு மலையிறங்கி வந்து இந்த வெயிலில் குடித்தனம் செய்கிறேன்.

கல்யாணமான புதிதில் மாமா பழம் தின்பதைப் பார்த்து நான் பயந்திருக்கிறேன். கத்தி, தட்டு எதுவும் கிடையாது. முழுப் பழத்தையும் உள்ளங்கையில் வைத்து உருட்டிக் கசக்குவார், காம்புப் பக்கம் ஒரு கடி கடித்துத் துப்புவார், அப்புறம் உறிஞ்சுவார். சாறு முழங்கை வரை ஓடும், அதையும் விடமாட்டார். அந்த நேரத்தில் வீடு பற்றி எரிந்தாலும் அவரிடம் சொல்ல முடியாது. அப்பேர்ப்பட்ட மனுஷனைத்தான் ஒரு போன் கால் மாம்பழத்தைத் தொடவிடாமல் செய்தது.

அந்த வருஷம் சீசன் முடியப்போகும் சமயத்தில், ஐரோப்பாவுக்கு நம் மாம்பழம் வரக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். போன பெட்டிகளில் பழ ஈயின் புழு இருந்ததாம். டிவியில் அதைக் கேட்டபோது மாமா அசரவே இல்லை. "புழு இருந்தா எடுத்து எறிஞ்சுபோட்டுத் திங்கோணும். இதுக்குப் போயி ஆராச்சும் தடை போடுவாங்களா?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீடியோ காலில் வந்தார். என் நாத்தனாரை லண்டனில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுடைய மாமனார்தான் இந்தச் சம்பந்தி. பொள்ளாச்சிக்காரர், சம்சாரம் தவறிப்போன பிறகு மகனோடு போய் இருக்கிறார். ஞாயிறு தவறாமல் கூப்பிடுவார். இரண்டு பேருக்கும் பேச்சென்றாலே போட்டிதான். அவர் அங்கே குளிர் என்றால் இவர் இங்கே அதைவிடக் குளிர் என்பார். நான் பக்கத்தில் ஃபேனுக்கு நேராக உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருப்பேன்.

"ஏனுங்க சம்மந்தி, உங்க மாம்பழம் இங்க வரப்படாதுன்னுட்டாங்களாமா?" என்று ஆரம்பித்தார் அவர். "நாங்க இப்ப வேற நாட்டுப் பழம் வாங்கித் திங்கறமுங்க. நெம்ப இனிப்புங்க. ஒரு புழுக்கூட இல்லீங்க."

மாமாவின் மீசை துடித்தது. மீசை துடிப்பது என்று கதைகளில் படித்ததை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

"சம்மந்தி, கேட்டுக்குங்க. என்ற தோட்டத்துப் பழம் உங்கூருக் கடைக்கு வரும். நீங்க அதத் தின்னு, நல்லாருக்குதுன்னு உங்க வாயால சொல்லோணும். அதுவரைக்கும் நான் மாம்பழத்தக் கையில தொட மாட்டனுங்க."

அத்தை உள்ளேயிருந்து ஓடி வந்தார். "வாயக் களுவுங்க! என்ன பேச்சு இது?" என்றார். அதற்குள் மாமா போனை வைத்துவிட்டார். சொன்ன சொல்லை மாற்றும் பழக்கம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு, அவருக்கு மட்டும் கிடையாது.

மறுநாளே சபதத்தின் சட்டதிட்டங்கள் வரத் தொடங்கின. வக்கீலும் மாமாதான், ஜட்ஜும் மாமாதான். ஊறுகாய் சாப்பிடலாம், ஏனென்றால் அது காய், பழம் இல்லை. மீன் குழம்பில் போடும் மாங்காய்க்கும் அதே தீர்ப்பு. பாட்டிலில் வரும் மாம்பழ ஜூஸ் குடிக்கலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "அதுல மாம்பளம் இருக்குதுன்னு உனக்கு ஆரு சொன்னா?" என்று கேட்டு ஒரு பாட்டிலைக் காலி செய்தார் மாமா. ஒரு நாள் அத்தை மறந்துபோய் மாம்பழப் புளிசேரி வைத்துவிட்டார். மாமா நெடுநேரம் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு, பழத்தைக் கரண்டியால் ஓரமாகத் தள்ளினார். தள்ளும்போது கரண்டியை நக்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

எங்கள் பாடுதான் திண்டாட்டம். அவருக்கு எதிரில் எப்படிப் பழம் தின்பது? நானும் என் வீட்டுக்காரரும் மோட்டார் ரூமுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, திருட்டு பீடி குடிக்கும் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி மாம்பழம் தின்றோம். சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவிவிட்டு உள்ளே வந்தால், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பார். "ஆரு கையில பங்கனப்பள்ளி வாசம் வருது?"

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் அவர் இளைத்துப்போனார். சாயங்காலமானால் தோட்டத்துக்குள் போய் ஒரு பழத்தைப் பறிக்காமலே மூக்கருகே வைத்துக்கொண்டு நிற்பார். மோந்து பார்ப்பதற்குச் சட்டத்தில் இடமிருந்தது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும், கோபமும் வரும்.

கீழே விழுந்து கிடக்கும் பழத்தைக் கண்டால் மட்டும் அவருக்குத் தாங்காது. தின்ன முடியாத பழம் கண்ணிலும் படக் கூடாது. ஆகவே தினமும் காலையில் ஆளைவிட்டு உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கி, ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்கச் சொல்லிவிட்டார். ஆள் வராத நாளில் அவரே புதைத்தார். இழவு வீட்டுக்குப் போனவர் மாதிரி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு திரும்பி வருவார்.

அடுத்த சீசனுக்குக் கொஞ்சம் முன்னால் தடையை எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மாமா ஓட்டமும் நடையுமாகக் கடைத்தெருவுக்குப் போய் லட்டு வாங்கி வந்து எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். ஆனால் தடை போனாலும் எல்லாத் தோட்டத்துப் பழமும் கப்பலேறிவிடாது. அதிகாரிகள் வந்து தோட்டத்தைப் பார்ப்பார்கள், பழ ஈ நிலவரத்தைச் சோதிப்பார்கள், அவர்களுக்குத் திருப்தியானால்தான் அந்தத் தோட்டத்துப் பழத்தை ஏற்றுமதிக்கு எடுப்பார்கள். ஈ நிலவரத்தை எப்படிப் பார்ப்பார்கள்? மரத்தில் தொங்கும் பொறியைத் திறந்து பார்ப்பார்கள்.

இந்தப் பொறியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே மருந்து நனைத்த ஒரு மரத்துண்டு. அந்த வாசனைக்கு ஆண் பழ ஈ மட்டும் மயங்கி வந்து உள்ளே விழுந்து சாகும். எங்கள் ஊரில் இதை மலையாளத்தில் கெணி என்பார்கள். சில வருஷங்களுக்கு முன்பு விவசாயிகள் கூட்டம் ஒன்றில் இதை எல்லோருக்கும் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து அவரவர் கெணியைக் கொண்டுவரச் சொல்லி, நிறைய ஈ பிடித்திருந்தவருக்குத் துண்டு போர்த்திக் கைதட்டினார்கள். துண்டு வாங்கியவர் எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அன்றிலிருந்து அவர் அந்தத் துண்டில்லாமல் டீக்கடைக்கு வந்ததில்லை. டீக்கடையில் பேச்சும் மாறிப்போனது. "உங்களுக்கு இன்னிக்கு எத்தன?" "நமக்கு ரொம்பி வளிஞ்சுதுங்க." ஈ நிறைய வைத்திருப்பவர் பெரிய மனுஷர் ஆகிவிட்டார்.

சோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாமா எங்கள் கெணிகளைத் திறந்து பார்த்தார். அடியில் ஏதோ நாலைந்து ஈ, அதுவும் வற்றிப்போய்க் கிடந்தது. அவருக்கு முகம் செத்துவிட்டது.

"போச்சு அம்மிணி. ஆபீசருங்க முன்னால மானம் போயிரும். நம்ம கெணி ஒண்ணுத்துக்கும் ஆகாத சோம்பேறிக் கெணி."

நான் கேட்டேன். "மாமா, ஈ இருந்தா நல்லதா, இல்லாட்டி நல்லதா?"

"இல்லாட்டி நல்லதுன்னா அவருக்கு எதுக்குக் கண்ணு துண்டு போத்துனாங்க?"

நான் பி.காம். படித்தவள்தான், ஆனால் துண்டைப் போலக் கண்ணால் காணக்கூடிய அத்தாட்சி எதுவும் என் கையில் இல்லை.

மாமா சமையலறையிலிருந்து ஒரு தூக்குப்போசியை எடுத்து என் கையில் கொடுத்து, பக்கத்துத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். காப்பிப் பொடி கடன் வாங்கியிருக்கிறேன், கியாஸ் சிலிண்டர் கடன் வாங்கியிருக்கிறேன். ஈ கடன் வாங்கப் போனது அன்றைக்குத்தான்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எவ்வளவு வேணுமுங்க?"

"உங்களுக்கு எச்சா இருக்கறதக் குடுங்க."

"எங்களுக்கும் சோதனை இருக்குதுங்களே."

"உங்குளுக்கென்னுங்க, ரெண்டு நாள்ல மறுக்கா ரொம்பிரும். பேரெடுத்த தோட்டம்."

அந்தப் புகழ்ச்சிக்கு அவர் விழுந்துவிட்டார். ஒவ்வொரு கெணியாகக் கழற்றிப் போசியில் கொட்டினார். மரியாதைக்கு என்னிடமும் "போதுமா அம்மிணி?" என்று கேட்டார். போதும் போதும் என்றேன். "திருப்பித் தரோணுமுங்க," என்று வாசல் வரை வந்து சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் போசியை அத்தையிடம் காட்டினேன். இனிமேல் இந்தப் போசியில் தயிர் வாங்கப் போனால் காலை ஒடிப்பேன் என்று அத்தை யாரைச் சொன்னார் என்று இன்றுவரை தெரியவில்லை.

சோதனைக்கு வந்தது ஒரு இளம் அதிகாரி, மலையாளப் பெண். பாலக்காட்டில் வளர்ந்ததால் தமிழ் நன்றாகவே வந்தது, இடையிடையே மலையாளம் விழும். மாமா வெள்ளை வேட்டி கட்டி, இளநீர் வெட்டி வைத்துக் காத்திருந்தார். அந்தப் பெண் முதல் கெணியைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளில் கொட்டினார். கறுப்பும் மஞ்சளுமாக ஈ குவிந்தது.

"அய்யோ, இத்தரயும் ஈச்சயா?"

மாமா பூரித்துப்போனார். "இது கம்மிங்க மேடம். அக்கட்டால மரத்துல இன்னும் எச்சா இருக்குதுங்க. வாங்க, காட்டறேன்."

அவர் ஒவ்வொரு மரமாகக் கூட்டிப் போய்க் காட்டினார். அந்தப் பெண்ணின் முகம் ஒவ்வொரு மரத்துக்கும் சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில் தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார். "அப்பா, வருத்தப்படாதீங்க. இவ்வளவு ஈச்ச இருக்குற தோட்டத்திலிருந்து ஒரு பழம்கூட அனுப்பப் பற்றில்ல, முடியாது. ஒரு புழு போனாலும் மறுபடியும் தடை போடுவாங்க."

மாமா அப்படியே நின்றார். வெட்டிய இளநீர் கையில் இருந்தது. அவருக்கு அப்போது என்னென்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். லண்டன் கடை, சம்பந்தி, இன்னொரு வருஷம் மாம்பழம் இல்லாத வெயில் காலம் எல்லாம் ஓடியிருக்கும்.

"மேடம்," என்றார் கடைசியில், "அது எங்க ஈ இல்லீங்க."

"பின்ன?"

"கடன் வாங்குனதுங்க."

அந்தப் பெண் தனக்குத் தமிழ் சரியாகப் புரியவில்லை என்று நினைத்து என்னைப் பார்த்தார். நான் போசியை எடுத்து வந்து காட்டினேன். அடியில் இன்னும் சில ஒட்டிக்கொண்டிருந்தன.

சாட்சிக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரரை அழைத்து வந்தோம். வேலியோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் போலிருக்கிறது. வரும்போதே துண்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"இது உங்க ஈ தானே?" என்று கேட்டார் மாமா.

"எந்த ஈயிங்க? என்ற தோட்டத்துல ஈயே கெடையாதுங்களே. போயிப் பாருங்க, கெணியெல்லாம் காலிங்க."

"அட, பாவத்தே! காலி பண்ணுனதே நான்தான! அப்பறம் அந்தத் துண்டு எதுக்குங்க வாங்குனீங்க?"

"துண்டு கடையில வாங்குனதுங்க."

நேற்றுவரை ஊரிலேயே பெரிய ஈக்காரர் யார் என்று அடித்துக்கொண்டவர்கள், இப்போது இது உன் ஈ, இல்லை உன் ஈ என்று ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளினார்கள். அதிகாரிப் பெண் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பிறகு முடியாமல் வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னார். இரண்டு தோட்டத்திலும் அவரே புதுக் கெணி கட்டுவார், யாரும் திறக்க முடியாதபடி சீல் வைப்பார், அடுத்த வாரம் வந்து பார்ப்பார். அதோடு, உதிர்ந்த பழத்தைப் புதைத்துக்கொண்டே வந்தால் ஈ பெருகாது என்றும் சொன்னார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், அத்தனை நாளாகச் செய்த இழவு வேலைக்கு அர்த்தம் கிடைத்த சந்தோஷம் தெரிந்தது.

இருந்தாலும் பயம் விட்டபாடில்லை. அந்த வாரம் முழுக்க மாமா தோட்டத்தில்தான் இருந்தார். கெணிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிட்டே வரும் ஈயைத் துண்டால் விரட்டினார்.

"இது ஏமாத்து வேலை இல்லையா மாமா?" என்று கேட்டேன்.

"ஏனுங்கண்ணு, சாகப் போற உசுரப் போகாதேன்னு சொல்றது தப்பா?"

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் இதையேதான் செய்துகொண்டிருந்தார். இவர் விரட்டிய ஈ அங்கே போனது, அவர் விரட்டியது இங்கே வந்தது. "உங்க ஈய நீங்க கட்டிவைங்க!" என்று இரண்டு பேரும் கத்திக்கொண்டார்கள். ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எங்கள் தோட்டம் தேறிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக்கு அந்தச் சீசன் கிடைக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மாமாவே நம் ஆட்களை அனுப்பி அவருடைய உதிர்ந்த பழத்தையும் புதைத்துக் கொடுத்தார். வாங்கிய ஈயைத் திருப்பித் தர வேண்டாம் என்று அவரும் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

ஏற்றுமதிக்குப் பழுத்த பழத்தை எடுக்க மாட்டார்கள். நன்றாக முற்றிய காயாகப் பறித்து, வெந்நீரில் முக்கி எடுத்து, தோட்டத்து நம்பர் ஒட்டிய பெட்டியில் வைப்பார்கள். மாமா கூடவே போய் அதைப் பார்த்துவிட்டு வந்து புலம்பினார். "வெந்நில போட்டு ஊற வெக்கறாங்க அம்மிணி. பெத்த புள்ளைக்குக்கூட அத்தன சூடா ஊத்தமாட்டம்." அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கொஞ்ச நாளில் லண்டனிலிருந்து நாத்தனார் கூப்பிட்டாள். கடையில் எங்கள் தோட்டத்து நம்பர் ஒட்டிய பெட்டி வந்திருக்கிறது, வாங்கிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருங்கள் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, கட்டிலில் வந்து உட்கார்ந்தார். அத்தை மரத்திலேயே பழுத்த பங்கனப்பள்ளி ஒன்றைக் கொண்டு வந்து அவர் மடியில் வைத்தார். வைத்ததும் கை தானாக அதை உருட்ட ஆரம்பித்துவிட்டது. நான் போனைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன்.

திரையில் சம்பந்தி. ஸ்வெட்டர், குல்லா, மேலே ஒரு போர்வை. மெலிந்திருந்தார். அவர் மடியில் ஒரு தட்டு, அதில் சதுரமாக நறுக்கிய மாம்பழம். சபதத்தால் மாமா படும் பாட்டை நாத்தனார் அவருக்கு வாராவாரம் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"திங்கட்டுங்களா சம்மந்தி?"

"தின்னுங்க."

ஒரு துண்டை வாயில் போட்டார். மென்றார். அவருடைய இடது கண் இறுக மூடிக்கொண்டது. தோள் ஒரு குலுக்குக் குலுங்கியது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். மாமாவின் கை பழத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டது.

சம்பந்தி மென்று, விழுங்கி, கண்ணைத் திறந்தார். நேராக மாமாவைப் பார்த்தார்.

"சக்கரைங்க சம்மந்தி," என்றார். "இப்பிடியொரு பளம் நான் வாயில வெச்சதே இல்லீங்க. நீங்க தின்னுங்க."

அத்தைதான் மாமாவின் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னார். "சொல்லிட்டாரில்ல. தின்னுங்க."

மாமா காம்பைக் கடித்துத் துப்பினார். ஒரு வருஷம் கழித்து முதல் வாய். சாறு மணிக்கட்டில் வழிந்து முழங்கையில் சொட்டியது. கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது, அதை அவர் மறைக்கவில்லை. அந்த மரத்துப் பழம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்று எத்தனை தின்றிருக்கிறேன்.

"எப்பிடிங்க இருக்குது?" என்று அந்தப் பக்கமிருந்து கேட்டார் சம்பந்தி.

மாமா புறங்கையால் வாயைத் துடைத்தார். "புளிக்குதுங்க சம்மந்தி," என்றார். "இனிப்பெல்லாம் உங்களுக்கு அனுப்பிச்சுட்டமுங்க."

சம்பந்தி குல்லாவைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். பிறகு தட்டிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தின்றார். தட்டு காலியாகும்வரை அப்படியே தின்றார்.